குழந்தை நிழற்படமும் ஏவல் வினையும்: ஒரு வரலாற்று நோக்கு

குழந்தையைப் படம் எடுப்பவர் எவரும் வாய் திறவாமல் எடுப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு கையசைவு போதும். குழந்தைக்கோ பேச்சு வேண்டும். 'ஆடாதே', 'இங்கே பார்', 'சிரி', 'வாயிலிருந்து விரலை எடு' என்று ஏவல் வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதியோர் வில்லைகளைப் பற்றியும் வேதிப்பொருள்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். கருவிக்குப் பின்னால் நின்றவர் முன்னால் நின்ற குழந்தையிடம் என்ன சொன்னார் என்பதற்கு அத்துணை இடம் தரப்படவில்லை. அப்பேச்சு மாறிவந்த வகையைப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். நிறுத்திவைத்து எடுத்த படம் செயற்கை, அறியாமல் எடுத்த படம் இயற்கை என்று நாம் செய்துகொள்ளும் பிரிவினை குழந்தையைப் பொறுத்தவரை எவ்வளவு தூரம் பொருந்தும் என வினவுவது இரண்டாவது. கருவி பிறந்த இடம் மேலைநாடாதலின் முற்பகுதிச் சான்றுகள் அங்கிருந்து எடுக்கப்பட்டவை. மொழிச் சான்றுகள் தமிழிலிருந்தும் அதன் அண்டை மொழிகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

1. ஆடாதே

டாகர் கண்ட முறை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் பாரிசில் வெளியிடப்பட்டபோது ஒரு தகடு ஒளியை ஏற்கப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. கட்டடத்துக்கு அது தடையன்று. மனித முகத்துக்குத் தடை. 1840களின் தொடக்கத்தில் பெட்ஸ்வால் வகுத்த வில்லையும் வேதிமுறைத் திருத்தங்களும் அந்நேரத்தை ஒரு நிமிடத்துக்கும் கீழே கொணர்ந்தன. 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், நல்ல வெளிச்சம் வாய்த்தால், சில நொடிகளே போதுமானவையாயின. பெரியவர்களுக்குச் சில நொடிகள் எளியவை. கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை நிறுத்தித் தலையை அதில் பொருத்திவிடுவர். கைக்குழந்தையை அவ்வாறு பொருத்த இயலாது. ஆகவே தாயையே நாற்காலியாக்கினர். தலைமுதல் கால்வரை துணியால் மூடப்பட்ட தாயின் மடியில் குழந்தை அமர்ந்திருக்கும் விக்டோரியா காலப் படங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. துணிக்குள்ளிருந்து நீண்டு குழந்தையின் இடையைப் பற்றியிருக்கும் கை சிலவற்றில் தெரியும். உறங்கும் குழந்தையும் இறந்த குழந்தையும் மட்டுமே அக்காலப் படக்காரருக்குத் தொல்லை தராதவர்கள். இறந்த பின்னரே முதன்முதலாகப் படம் எடுக்கப்பட்ட குழந்தைகள் அன்று பலர்.

அக்காலப் படக்காரருள் தம் ஏவல் மொழியை எழுதிவைத்தவர் சிலரே. அவர்களுள் ஒருவர் சூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே மறைந்தவர். 1863ஆம் ஆண்டு இறுதியில், ஏறத்தாழ 48ஆம் அகவையில், மகள் அளித்த கருவியைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் தம் முதல் வெற்றியைப் பற்றி அவர் கூறுவது நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. முதலில் ஒரே படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து எடுத்தார், பாதியில் ஒரு குழந்தை அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டது, படம் கெட்டது. பின்னர் ஒரே ஒரு சிறுமியைத் தனியே நிறுத்தி, நீ அசைந்தால் இந்தக் கேமரன் அம்மையின் மருந்தும் உழைப்பும் வீணாகிவிடுமே என்று அவள் நெஞ்சைத் தொடும்படி சொன்னார். அவள் அசையவில்லை. 1864 சனவரியில் எடுத்த 'ஆனி' என்னும் அப்படத்தில் கழுத்துவரை பொத்தானிட்ட மேலங்கியுடன் ஒருபுறம் பார்த்திருக்கும் சிறுமியின் முகத்தில் தெரிவது அமைதி என்று சொல்லப்படுவதுண்டு. அது பொறுப்புணர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறருடைய மருந்தை வீணாக்கக்கூடாதென்ற கவலை.

இங்கே இரு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, சிரிப்பு அன்று படத்தின் பகை. இரண்டாவது, ஏவல் இங்கே நேரடி ஏவலாக இல்லை. 'ஆடாதே' என்பதற்கு மாற்றாக 'நீ ஆடினால் எனக்கு இழப்பு' என்னும் நிபந்தனைத் தொடர் வந்திருக்கிறது. வடிவம் மாறினும் செயல் ஏவலே.

அதே காலத்தில் ஆக்சுபோர்டில் கணிதம் பயிற்றுவித்த டாட்சன், அதாவது லூயிஸ் கரோல், வேறொரு வழியைக் கண்டார். 1856 முதல் 1880 வரை படம் எடுத்த அவர், குழந்தைகளுக்கு முதலில் கதை சொல்வார். கதையின் மகிழ்ச்சி முகத்தில் இருக்கும்போதே நிலையமைத்துத் தகட்டைத் திறப்பார். இதனைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர் அவருடைய கதைத்தலைவிக்குப் பெயர் தந்த ஆலிசே. மற்றக் குழந்தைகளுக்குத் தண்டனையாக இருந்த படமெடுப்பு தங்களுக்கு இன்பமாக இருந்தது என்பது அவர் கூற்று. ஆயினும் கரோல் எடுத்த குழந்தைப் படங்களுள் சில இன்று கடுமையான வினாக்களுக்கு உள்ளாகியுள்ளன. குழந்தை மகிழ்ந்திருந்தது என்பதும் குழந்தை இசைந்தது என்பதும் வேறு வேறு.

நம் நாட்டில் இக்கலை விரைவாகவே பரவியது. சென்னையில் 1850இல் கலைப்பள்ளி தொடங்கிய அலெக்சாந்தர் அண்டர் 1856இல் அங்கு நிழற்படக் கழகத்தையும் நிறுவினார். ஐதராபாத்தில் இலாலா தீன் தயாள் 1892இல் அந்தப்புரப் பெண்களுக்கென ஒரு தனிக் கூடம் திறந்து அதனைப் பெண் ஒருவரின் பொறுப்பில் விட்டார். இவை ஆட்சியாளர், அரச குடும்பத்தார் ஆகியோர் வட்டத்தைச் சார்ந்தவை. சிற்றூர்க் குழந்தை படக்கூடத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். வரைந்த திரை, மரக்குதிரை, பொம்மைத் தொலைபேசி, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு 'ஆடாதே' என்னும் ஏவலும் அங்கே வந்து சேர்ந்தது. குளிகை போட்டதுபோல் விறைத்து நிற்கும் அண்ணன் தம்பியரை அந்தக் காலத்து ஆல்பங்களில் எவரும் காணலாம்.

2. செங்கீரையும் குப்புறப் படமும்

குழந்தையை நோக்கி ஏவல் தொடுப்பது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை முழுவதும் அவ்வாறே அமைந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் அண்மைக்காலம் வரை இவ்வகை தொடர்ந்து பாடப்பட்டுள்ளது. குழந்தையின் 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை பத்துப் பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைப் பாட்டியல் நூல்கள் விதித்தன. காப்பு தெய்வங்களை நோக்கியது. அம்புலி நிலவை நோக்கியது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை குழந்தையை நோக்கிய வேண்டலும் ஏவலுமே. செங்கீரை ஆடுக, சப்பாணி கொட்டுக, முத்தம் தருக, வருக, சிறுபறை முழக்குக, சிறுதேர் உருட்டுக என எல்லாம் அசைவைக் கேட்பவை. எதிர்மறை ஏவல் வருமிடம் சிற்றில் பருவம் ஒன்றே. மணல்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் ஆண்குழந்தையிடம் இரப்பது அது. அவ்விரப்புக்குள்ளும் குழந்தை சிதைக்கத்தான் போகிறது என்னும் எதிர்பார்ப்பு உண்டு.

புலவன் சொல்லால் படம் வரைந்தவனாதலின் அசைவு அவனுக்குத் தடையாகவில்லை. படக்கூடத்து ஏவல் இதற்கு நேர்மாறானது. இருந்தும் பழைய பருவங்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் ஆறேழு திங்கள் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, அது கையூன்றித் தலை தூக்கும் கணத்தில் எடுத்த படம் இல்லாத ஆல்பம் அரிது. 5ஆம் திங்களுக்குரிய செங்கீரை நிலையும் கை நிலத்தில் ஊன்றி முகம் நிமிர்த்துவதுதான். படக்காரர் எவரும் பாட்டியல் படித்து அந்நிலையைத் தேர்ந்தார் எனச் சொல்லவரவில்லை. வளர்ச்சியில் எந்தக் கணத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்னும் தேர்வு இரண்டிலும் ஒத்திருக்கிறது என்பதே என் கருத்து. கொண்டையில் மயிலிறகு செருகிக் கண்ணன் வேடமிட்ட படமும் அவ்வழிப்பட்டதே. கேமரன் அம்மையார் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு அன்னத்தின் இறக்கைகளைப் பூட்டித் தேவதூதராக்கியதும் அதே வேட்கைதான். இறக்கை கனமாக இருந்தது என்று அக்குழந்தைகளுள் ஒருவர் வளர்ந்தபின் எழுதினார். நம் கண்ணன்கள் எவரும் மயிலிறகைப் பற்றி எழுதியதாக நான் கண்டதில்லை.

பூச்சடைப் படம் தனியே குறிப்பிடத்தக்கது. சிறுமிக்குப் பூத் தைத்துச் சடை பின்னியபின் படக்கூடத்துக்கு அழைத்துச் செல்வர். முகமும் வேண்டும், முதுகில் தொங்கும் சடையும் வேண்டும். அதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்து எடுப்பர். சிறுமி ஒருத்தியே இருமுறை அதில் இருப்பாள். கன்னத்துத் திருட்டிப் பொட்டும் அச்சில் கருமையாக விழுந்திருக்கும். படத்தைக் காண்போர் கண்ணேறு படாமலிருக்க இட்ட பொட்டு, படத்துக்குள்ளும் காவல் நிற்கிறது.

3. சிரி

மாடக்சு 1871இல் அறிவித்த உலர்தகட்டு முறை திருத்தம்பெற்று 1870களின் இறுதியில் விற்பனைக்கு வந்தபின், தகடு ஒளியேற்கும் நேரம் நொடியின் சிறு பகுதியாயிற்று. ஈசுட்மனின் கொடாக் 1888இல் வந்தது. 1900இல் ஒரு டாலர் விலையில், குழந்தைகளே கையாளத்தக்கது என்னும் விளம்பரத்தோடு பிரௌனி வந்தது. சிரிப்பு இனிப் படத்தைக் கெடுக்காது. கெடுக்காதது மட்டுமன்று, சில பத்தாண்டுகளுக்குள் கட்டாயமும் ஆயிற்று. விடுமுறை, பிறந்தநாள், பண்டிகை ஆகியவையே படத்துக்குரிய பொழுதுகள் என்று விளம்பரங்கள் கற்பித்தது இதற்கு ஒரு காரணம்.

மொழியியலாளருக்கு இங்கே ஒரு சிறு விருந்து உண்டு. விக்டோரியா காலப் படக்கூடங்களில் 'புரூன்சு' என்று சொல்லச் செய்தனர் என ஒரு வழக்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசுவோர் 'சீசு' என்கின்றனர். முன்னது இதழ் குவியும் ஊகாரம். பின்னது இதழ் விரியும் ஈகாரம். உகர ஊகாரங்களை இதழ்குவி ஒலிகள் என்று தொல்காப்பியப் பிறப்பியல் பிரித்துக் காட்டியிருப்பதைப் பயின்ற நமக்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். தமிழிலோ ஈகாரத்துக்கு நற்பெயர் இல்லை. 'ஈ என்று இளிக்காதே' என்பதே வீட்டு வழக்கு. பல் தெரியச் சிரித்தல் பல்லிளித்தல் என இகழப்பட்டது. ஆகவே நம் படக்காரர் 'லேசாகச் சிரி' என்று அடைகொடுத்தார். இதழ் மூடிய புன்னகையையே நாடினார். இன்று பேசியில் படம் எடுக்கும் தமிழ்த் தாயர் 'சீசு சொல்லு' என்கின்றனர். அகர வரிசை அறியாத குழந்தையும் அதைச் சொல்கிறது.

சிரிப்பை ஏவலாம், அழுகையை ஏவ இயலுமா? இயலும் என்றே வரலாறு காட்டுகிறது. டார்வின் 1872இல் வெளியிட்ட மெய்ப்பாட்டு நூலுக்குப் படங்கள் தந்தவர் ரேலாண்டர். அவற்றுள் வாய் கோணி அலறும் ஒரு குழந்தையின் படம் பெரும்புகழ் பெற்றுப் பல்லாயிரக் கணக்கில் விற்றது. கணத்தில் சிக்கிய உண்மை என அனைவரும் கொண்டாடிய அப்படம், மூலப்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியத்தை மீண்டும் படம் எடுத்தது என்று பிற்கால ஆய்வு நிறுவியுள்ளது.

4. அறியாமல் எடுத்தல்

1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற கைக்கடக்கமான கருவிகள் மூன்றாவது ஏவலைக் கொண்டுவந்தன. 'பார்க்காதே, நீ பாட்டுக்கு விளையாடு.' எரிக் சாலமன் மாநாட்டு மண்டபங்களில் அரசியலாரை அவர்கள் அறியாமல் எடுத்த படங்களைக் குறிக்க 1930ஐ ஒட்டி இலண்டன் இதழொன்று 'கேண்டிட்' என்னும் அடையை வழங்கியது. அச்சொல்லின் வேர் வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். வெள்ளாடை உடுத்து வாக்குக் கேட்ட உரோமானியனிடமிருந்து வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். ஒளிவுமறைவின்மையைக் குறித்த சொல், ஒளிந்திருந்து எடுத்த படத்துக்குப் பெயராயிற்று. நியூயார்க்குத் தெருக்களில் விளையாடும் குழந்தைகளை எடுத்த எலன் லெவிட் தம் கருவியில் பக்கவாட்டில் நோக்கும் காட்டியைப் பொருத்தியிருந்தார். அவர் வேறெங்கோ பார்ப்பதாகக் குழந்தைகள் எண்ணினர். 1943இல் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அழகிய படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவியே பொய் சொல்லியிருக்கிறது.

தமிழில் இவ்வகைப் படத்துக்கு நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. 'இயல்புப் படம்' என்று எழுதுவோர் உளர். மக்கள் வழக்கு 'தெரியாமல் எடுத்தது' என்பது. இது மற்றதைவிட நேர்மையானது என்பேன். யாருக்குத் தெரியாமல் என்னும் வினாவை அது உடனே எழுப்புகிறது.

இவ்விடத்தில் நம் வினைச்சொற்களைக் கூர்ந்து பார்ப்பது பயன்தரும். படம் என்பதற்கு நாம் வழங்கும் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் ஆகிய மூன்று பெயர்ச்சொற்களிலும் எடுக்கப்படுபவருக்கு இடமில்லை, இடம் வினையில்தான். இந்தியில் படத்தை 'இழுக்கின்றனர்', வங்காளியில் 'தூக்குகின்றனர்', கன்னடம், தெலுங்கு, மராத்தி ஆகியவற்றில் 'வெளியே எடுக்கின்றனர்'. தமிழில் எடுக்கிறோம் அல்லது பிடிக்கிறோம். (பாம்பும் படம் எடுக்கிறது, அது வேறு படம்.) தன்னை ஒருவர் படம் எடுக்கச் செய்தால் இந்தி 'கிஞ்ச்வானா' என்று பிறவினையைப் பயன்படுத்தும். கன்னடமும் தெலுங்கும் பிறவினையோடு தற்பயன் குறிக்கும் துணைவினையையும் சேர்த்து 'தெகெசிகொண்டெ', 'தீயிஞ்சுகொன்னானு' என்னும். தமிழோ பிறவினையை விட்டுவிட்டு, 'நான் போட்டோ எடுத்துக்கொண்டேன்' என்கிறது. எடுத்தவர் கடைக்காரர், ஆனால் வாக்கியத்தின் எழுவாய் எடுக்கப்பட்டவர். 'கொள்' என்னும் துணைவினை அச்செயலை அவருடையதாக்கிவிடுகிறது.

இவ்வாக்கியத்தில் கைக்குழந்தையை எழுவாயாக்கிப் பாருங்கள். 'குழந்தை போட்டோ எடுத்துக்கொண்டது' என்பது காதுக்கு ஒவ்வவில்லை. 'குழந்தையைப் போட்டோ எடுத்தோம்' அல்லது 'குழந்தைக்குப் போட்டோ எடுத்தோம்' என்றே சொல்வோம். குழந்தைக்கு மொட்டை அடித்தோம், குழந்தைக்குக் காது குத்தினோம், குழந்தைக்குப் போட்டோ எடுத்தோம். நான்காம் வேற்றுமை உருபு மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. மூன்றும் குழந்தையின் நன்மைக்கெனப் பெரியவர்கள் செய்பவை. மூன்றிலும் குழந்தை அழும். பள்ளிக்குச் செல்லும் அகவையில், எந்நாளென்று யாரும் குறிக்காத ஒரு நாளில், 'பையன் போட்டோ எடுத்துக்கொண்டான்' என்னும் வாக்கியம் ஒத்துவரத் தொடங்குகிறது.

அதற்கு முன்பே குழந்தை எழுவாயாகக்கூடிய ஒரே தொடர் 'போஸ் கொடுத்தல்' என்பது. பாதி ஆங்கிலமான இத்தொடரை மொழித்தூய்மை நோக்கினர் விரும்பமாட்டார். ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. படக்காரர் எடுக்கிறார், குழந்தை கொடுக்கிறது. கொடுப்பவருக்கு மறுக்கவும் வழியுண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நாக்கை நீட்டலாம், அழுது ஆர்ப்பரிக்கலாம். தெரியாமல் எடுக்கும் படத்தில் கொடுத்தல் இல்லை. எடுத்தல் மட்டுமே உண்டு. நிலையமைத்த படம் பொய், அறியாமல் எடுத்தது மெய் என்று கலை நோக்கில் தீர்ப்பளிப்போர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நிலையமைத்து எடுத்தும் உண்மையை நிறுவலாம் என்பதற்கு அமெரிக்கரான லூயிஸ் ஐன் சான்று. தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் படம் எடுத்த அவர், சிறுவர்களை எந்திரத்தருகே நிறுத்தி நேரே பார்க்கச் செய்தார். பெயரும் அகவையும் கேட்டுச் சட்டைப்பைக்குள்ளேயே குறித்துக்கொண்டார். தம் மேலங்கிப் பொத்தான்களை அளவாகக் கொண்டு உயரத்தைக் கணித்தார். அச்சிறுவர்கள் அவருக்குப் போஸ் கொடுத்தனர், பெயரையும் கொடுத்தனர். 1984இல் பாக்கித்தானத்து நாசிர்பாக் அகதி முகாமில் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம் இதற்கு மறுபக்கம். அதுவும் நிறுத்திவைத்து எடுத்ததுதான். 1985 சூன் மாத நேசனல் சியாகிரபிக் அட்டையில் வந்து உலகெங்கும் அறியப்பட்டது. பெயர் மட்டும் கேட்கப்படவில்லை. 2002இல் அவரைத் தேடிக் கண்டபோதுதான் சர்பத் குலா என்பது தெரிந்தது. தம் படத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். அயலான் ஒருவன் தம்மைப் படம் எடுத்ததில் அன்று தமக்குச் சினம் வந்தது அவருக்கு நினைவிருந்தது. உலகம் அக்கண்களில் அச்சத்தையும் அழகையும் படித்துக்கொண்டிருந்தது.

குழந்தைக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் தனிமைக்குரிய பாதுகாப்பையும் அறிவித்த ஐ.நா. உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை, காப்பும் பராமரிப்பும் வேண்டிய குழந்தை ஆகியோரின் அடையாளம் வெளிப்படும்படி படம் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 அகவைக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. குடும்பத்தார் தம் வீட்டளவில் எடுத்து வைத்துக்கொள்வதை அது தொடுவதில்லை. இசைவு தருபவர் பெற்றோரே. சட்டத்தின் இலக்கணமும் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறது.

இறுதியாக ஒரு படம். என் தாய்வழிப் பாட்டியின் பெட்டியில் இருந்தது. 1956இல் திருநெல்வேலியில் ஒரு படக்கூடத்தில் எடுத்தது. ஆறு அகவையுடைய என் தாய் இடப்புறம், கைகள் இரண்டும் உடலோடு ஒட்டி, கண் சிமிட்டாமல் நிற்கிறார். வலப்புறம் மூன்று அகவைச் சித்தி. அவர் சட்டையின் பூக்கள் தெளிவாக விழுந்துள்ளன. கழுத்துக்கு மேலே ஒரு வெண்மூட்டம் மட்டுமே. தலையைத் திருப்பியிருக்கிறார். மூடியைக் கையால் கழற்றி மாட்டி எடுத்த காலம் அது. இன்னொன்று எடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதாகவும், செலவு கருதித் தாத்தா வேண்டாமென்றதாகவும் கேட்டிருக்கிறேன். மறு ஆண்டு சித்தி காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வேறு படம் இல்லை.

இத்தகைய படத்தைத் தமிழில் 'படம் ஆடிவிட்டது' என்போம். ஆடியது குழந்தை, வாக்கியம் அதைப் படத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. என் தாயும் அப்படியே சொல்வார். பாட்டி மட்டும் அப்படிச் சொன்னதில்லை. பெட்டியைத் திறந்து அப்படத்தை எடுத்துக் காட்டும்போதெல்லாம், வெண்மூட்டத்தின்மேல் விரலை வைத்து, 'அவ ஆடிட்டா' என்பார்.